வினிகர் பூசிய மாப்பிள்ளை

"எனக்க கர்த்தாவே! ஏலே அனீஷ், உனக்க மொகத்துல என்னலே ஆச்சு?"

தங்கபாய் போட்ட சத்தத்தில், பின்பக்கம் ரப்பர் ஷீட் அடித்துக்கொண்டிருந்த குமாரதாஸ் மெஷினின் கைப்பிடியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். வந்தவர் மகனைப் பார்த்தார். பார்த்ததும் தோளில் கிடந்த துவர்த்தை எடுத்துத் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அனீஷின் இரண்டு கன்னமும் செக்கச்செவேல் என்று பழுத்திருந்தன. மூக்கின் ஓரத்தில் தோல் பொருக்குப் பொருக்காக உரிந்து நின்றது. நெற்றி எண்ணெய் காணாத தோல்செருப்பு போல வறண்டு கிடந்தது. சிரிக்கலாம் என்று பார்த்தான் பாவம், கன்னம் இழுத்துப் பிடித்தது.

இவனையா மாப்பிள்ளை என்று காட்டப் போகிறார்கள்? அதுவும் இன்றைக்கா?

பேச்சிப்பாறை போகும் வழியில் இருக்கும் இந்த வீட்டின் கதையை விடாமல் படித்து வருகிறவர்களுக்கு இன்று என்ன நாள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக மட்டும் ஒரு வார்த்தை. கல்ஃபை உதறிவிட்டு வந்து, "இனி எனக்க மரத்த விட்டு எங்கயும் போவ மாட்டேன்" என்று கர்த்தர்மேல் ஆணையிட்டு, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டக் கத்தி பிடித்தவன் அனீஷ். வெளிநாட்டு மாப்பிள்ளைதான் வேண்டும் என்ற இடங்களையெல்லாம் அவனே வேண்டாம் என்று தள்ளினான். மார்த்தாண்டத்தில் ஒரு இடம் மட்டும் அவனைத் தள்ளியது. "பையன் கொள்ளாம், ஆனா மேல ரப்பர் மணம்லா அடிக்கு" என்று அந்த வீட்டு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னது அவன் காதிலேயே விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அமைந்தவள்தான் நெய்யூர் ரெஜிலா. நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெண் பார்த்த அன்றே இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று. போனில் பேசிப் பேசி இவன் காதே சூடாகிக் கிடந்தது.

இன்று சாயந்திரம் பெண் வீட்டுக்காரர்கள் வீடு காண வருகிறார்கள். வீடும் ஆளும் திருப்தியாக இருந்தால் இங்கேயே கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டுப் போவார்கள். திருப்தி இல்லையென்றால் காப்பியைக் குடித்துவிட்டு, "பொறவு போன்ல விளிக்கியோம்" என்பார்கள். அப்புறம் விளிக்க மாட்டார்கள்.

அனீஷுக்கு ரெஜிலா வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

"ஏட்டி ஆன்ஸ்லின்! ஓடி வாட்டி!"

அனீஷின் தங்கை ஆன்ஸ்லின் பி.ஃபார்ம் படித்தவள், மார்த்தாண்டத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை. அண்ணனின் விசேஷத்துக்காக லீவு போட்டுவிட்டு முந்திரிக்கொத்துக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். மாவுக் கையோடு வந்து நின்றாள்.

"அண்ணே, மொகத்துல என்னத்தப் போட்டு தேச்ச?"

"சோப்பு."

"என்ன சோப்பு?"

அவன் வாயைத் திறக்காமல் தாடையால் காட்டினான். துணி துவைக்கிற கல்லின் மேல் நீல நிற பார் சோப்பு பாதி தேய்ந்து கிடந்தது. பக்கத்திலேயே ஒரு பிடி தேங்காய்த் தும்பு.

"துணிச் சோப்பா? அதுவும் தும்பு போட்டா? நீ மொகங் கழுவுனியா, சருவம் கழுவுனியா?"

"குளிக்கிற சோப்புக்கு இந்த மணம் போவல்ல பிள்ளே. ஒட்டுப்பால் மணம் உனக்குத் தெரியாததா? கையில பிடிச்சா மொகத்துல பிடிக்கும், மொகத்துல பிடிச்சா தலையணையில பிடிக்கும்."

"எப்பம்லாம் தேச்ச?"

"வெட்டு முடிஞ்சு வந்ததும். ஷீட் அடிச்ச பொறவு. மத்தியானம். பொறவு படுக்கப் போவும்ப. பெண் பாத்துட்டு வந்த நாள்ல இருந்து."

குமாரதாஸ், "நான் முப்பது வருசமா இந்த மணத்தோடதான் உனக்க அம்மாகூட இருக்கேன். அவ ஒண்ணும் ஓடிப்போவல்லியே?" என்றார்.

"நான் எங்க ஓட? நல்லா கேட்டிய போங்க" என்றாள் தங்கபாய், அந்த அவசரத்திலும்.

ஆன்ஸ்லின் அண்ணனின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "இது சோப்பு மட்டும் இல்ல. சோப்புக்கு வறளும், உரியும். இப்பிடி வெந்து போவாது. உள்ளதச் சொல்லு, காலைல என்ன போட்ட?"

அனீஷ் வானத்தைப் பார்த்தான்.

அந்த நேரம் பார்த்து, அடுக்களைக்குள் போயிருந்த தங்கபாயின் குரல் வந்தது. "மீன் ஊறுகாய்க்கு வச்சிருந்த வினிகர் குப்பி எங்கட்டி? நேத்து நெறச்சு இருந்துதே!"

ஆன்ஸ்லின் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் கீழே கிடந்த ரப்பர் இலையைப் பார்த்தான்.

"வினிகரயா மூஞ்சில ஊத்துன?"

"நீதானே பிள்ளே சொன்ன! அன்னைக்கு சோறு தின்னும்ப நீதானே பறஞ்ச? மனுசத் தோலுக்கு மேல லேசா ஒரு புளிப்பு உண்டு, அதுதான் கிருமிய அண்ட விடாது, சோப்பு போட்டா அது அழிஞ்சுபோவும்னு. நான் சோப்பு போட்டு அத அழிச்சிட்டேன். சரி, போன புளிப்ப திரும்ப ஊத்தினா சரியாவும்னு நெனச்சேன்."

ஆன்ஸ்லினுக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. சொன்னதில் பாதியைக் கேட்டுவிட்டு ஓடுகிற ஆளை என்ன செய்வது? மாவுக் கையாலேயே அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

"ஏன் அண்ணே, பால் உறைய நீ ஆசிட் ஊத்துவியே, எப்பிடி ஊத்துவ?"

"தண்ணியில கலக்கி, அளந்து."

"அளவு கூடிப்போனா?"

"ஷீட்டு கெட்டுப் போவும்."

"ரப்பர் பாலுக்கு அளக்கத் தெரியுது. சொந்த மூஞ்சிக்குக் குப்பியோட கவுத்தியா?"

உள்ளே போய், படித்த காலத்தில் வாங்கிய சின்னக் காகிதக் கீற்றுகள் உள்ள ஒரு பொட்டலத்தோடு வந்தாள். துணிச் சோப்பின் நுரையில் ஒரு கீற்றைத் தொட்டாள். கரும் நீலமானது. குப்பியின் அடியில் மிச்சமிருந்த வினிகரில் இன்னொன்றைத் தொட்டாள். சிவந்துபோனது. இரண்டையும் அண்ணனின் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"இதுதான் பி.எச். அளவு. ஏழு நடு, சுத்தத் தண்ணி அங்க நிக்கும். நம்ம தோலு அதுக்குக் கொஞ்சம் கீழ, அஞ்சு, அஞ்சரையில நிக்கணும். வேர்வையும் தோலுக்க எண்ணெயும் சேர்ந்து அதுவாட்டு உண்டாக்குத புளிப்பு. குளிக்கிற சோப்பே ஒம்பது, பத்துக்கு இழுத்துட்டுப் போவும். துணிச் சோப்பு அதுக்கும் மேல. அப்பிடிப் போனாலும் தோலு சும்மா இருக்காது, கொஞ்ச நேரத்துல தன்னால எறங்கி வந்துரும். நீ எறங்க விட்டியா? எறங்கும்ப எறங்கும்ப தும்ப எடுத்துத் தேச்சிருக்க. தேஞ்சு ஓட்ட விழுந்த தோலுல மூணுக்கும் கீழ உள்ள வினிகர ஊத்தியிருக்க. காந்தாம என்ன செய்யும்?"

"சாயந்திரத்துக்குள்ள மாறுமா?"

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது அவன் குரல் சிறுத்துவிட்டது. ஆனாலும் ஆன்ஸ்லினுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"மாறாது அண்ணே. காந்தல் கொறையும். செவப்பு ஒரு வாரத்துக்கு நிக்கும்."

அவ்வளவுதான், வீடு ரெண்டுபட்டது!

தங்கபாய் மஞ்சளை அரைக்க ஓடினாள். ஆன்ஸ்லின் தடுத்தாள். சோத்துக்கத்தாழை வெட்டப் போனாள். அதையும் தடுத்தாள். பவுடரை எடுத்தாள். ஆன்ஸ்லின் டப்பாவையே பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். "இனி இந்த மொகத்துல ஒண்ணும் பூசப்பிடாது. பச்சத் தண்ணிய மெதுவா ஊத்திக் கழுவணும், ஒத்தி எடுக்கணும், வாசலின் கொஞ்சம் தொட்டு வைக்கணும். பொறவு அத அதுக்க பாட்டுக்கு விடணும். சோப்பே வேண்டாம். பொறவு வேணும்னா தோலுக்கேத்த மாதிரி உள்ள ஒண்ணு நான் கொண்டு தாறேன்."

"பளபளன்னு இருக்கும்லா மக்கா, பலாக்கொட்ட மாதிரி?" என்றாள் தங்கபாய்.

"இருக்கட்டும்!"

குமாரதாஸ் மட்டும் யோசனையில் இருந்தார். கடைசியில் தொண்டையைச் செருமினார். "ஒரு காரியம் பறயட்டா? ஆசிட் தெறிச்சுட்டுன்னு சொல்லுவோம். ரப்பர்க்காரன் மூஞ்சில ஆசிட் தெறிக்கது ஒலகத்துல நடக்காததா? வேல செய்யும்ப வந்த காயம்னா ஒரு மதிப்புண்டு. துணிச் சோப்பும் வினிகரும்னு சொன்னா சிரிப்பாவ. ஒண்ணுமே சொல்லல்லன்னா சொறின்னு நெனப்பாவ."

சொறி! அந்த ஒரு வார்த்தையில் வீடு அடங்கிப்போயிற்று. அப்படி ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் குலசேகரத்திலிருந்து குளச்சல் வரைக்கும் போகும், இந்த இடம் மட்டுமில்லை, இனி எந்த இடமும் வராது. ஆன்ஸ்லினுக்குப் பொய் பிடிக்கவில்லைதான். ஆனால் அவளிடமும் வேறு வழி இல்லை. அனீஷ் கிணற்றடிக்குப் போய்ப் பச்சைத் தண்ணீரை முகத்தில் மெதுவாக ஊற்றிக்கொண்டான்.

மத்தியானத்துக்குமேல் இன்னொரு குண்டு விழுந்தது. பெண்ணின் அப்பா ஜெபதாஸ் போன் செய்தார். ரெஜிலாவுக்கு அன்று டியூட்டி இல்லையாம், அவளும் கூட வருகிறாளாம்.

வீடு காணப் பெண்ணே வருவதா? எந்த ஊர் வழக்கம் இது? தங்கபாய் வாயில் கை வைத்தாள். அனீஷுக்கோ ஒரு பக்கம் சந்தோஷத்தில் உள்ளம் துள்ளியது, மறுபக்கம் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாமா என்றிருந்தது.

கார் வந்து நின்றபோது மழை தூறிக்கொண்டிருந்தது. முன்னால் ஜெபதாஸ், பின்னால் அவருடைய தங்கை. ரெஜிலாவுக்கு அத்தை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எதையும் கூர்ந்து பார்க்கிற அத்தை. கடைசியாக ரெஜிலா இறங்கினாள். மாம்பழ நிறச் சேலை, முந்தானையைக் கையோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். கிணறு பிடித்திருந்தது. மரங்கள் பிடித்திருந்தன. புகைப்புரையில் தொங்கிய ஷீட்டுகளைத் தொட்டுப் பார்த்து, "நல்ல சீட்டாக்கும்" என்றார் ஜெபதாஸ். எல்லாம் நன்றாகவே போனது. பிறகு எல்லோரும் முன்னறையில் உட்கார்ந்தார்கள். இவ்வளவு நேரம் தூரமாகவே சுற்றிக்கொண்டிருந்த அனீஷ் வேறு வழியில்லாமல் ட்யூப்லைட்டின் கீழே வந்து நின்றான்.

அத்தை கண்ணாடியைச் சரிசெய்தாள்.

"மொகத்துல என்னது?"

"அது ஒண்ணுமில்ல" என்றார் குமாரதாஸ் அவசரமாக. "பால் உறைய வைக்கும்ப ஆசிட் கொஞ்சம் தெறிச்சிட்டு."

"தெறிச்சதா?" அத்தை தன் அண்ணன் ஜெபதாஸைப் பார்த்தாள். பார்வையிலேயே காரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டாள்.

ரெஜிலா எழுந்து வந்தாள். எல்லோரும் பார்க்க, அனீஷுக்கு நேரே நின்று அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். நர்ஸின் பார்வை அது.

"ரெண்டு கன்னத்துலயும் ஒரே மாதிரி தெறிச்சுதா?" என்று மெதுவாகக் கேட்டாள். "கண்ணுல ஒரு துளி படாம?"

குமாரதாஸ் தரையைப் பார்த்தார். தங்கபாய் கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தாள்.

அனீஷ் ஒரு தடவை மூச்சை இழுத்துவிட்டான். பொய்யைச் சொல்லி இவளைக் கட்டிக்கொள்வதைவிட, உள்ளதைச் சொல்லி இவளை இழப்பதே மேல் என்று அந்த நொடியில் அவனுக்குத் தோன்றியது.

"ஆசிட் ஒண்ணும் தெறிக்கல்ல" என்றான். "ரப்பர் மணம் போவட்டும்னு துணிச் சோப்ப வச்சு தேச்சேன், தும்பு போட்டு. தோலுக்குப் புளிப்பு வேணும்னு தங்கச்சி சொன்னதப் பாதி கேட்டுட்டு இன்னைக்குக் காலைல வினிகரும் ஊத்தினேன். மார்த்தாண்டத்துல ஒருக்கா மூக்கப் பொத்தினாவ. உங்க வீட்டுல யாரும் அப்பிடி மூக்கப் பொத்தப்பிடாதுன்னு நெனச்சேன். அதுக்குத்தான் இவ்வளவும்."

ஜெபதாஸின் மீசை துடித்தது. சிரிப்பா, கோபமா?

ரெஜிலா சிரிக்கவில்லை. "மணம் பிடிக்காதுன்னு நான் உங்கள்ட்ட சொன்னேனா?"

"சொல்லல்ல."

"பின்ன? நாள் முழுக்க ஆஸ்பத்திரி மணத்துல நிக்கவ நான். உங்களுக்கு அது பிடிக்குமான்னு நான் கேட்டேனா?" என்றவள், முந்தானைக்குள் இருந்த கைகளை வெளியே எடுத்து நீட்டினாள்.

விரல் கணுக்கள் எல்லாம் வெடித்துக் கிடந்தன. புறங்கை உலர்ந்து வெளிறி, ஒரு இடத்தில் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது.

"ஒவ்வொரு பேஷண்ட்டத் தொட்டதும் கழுவணும். சோப்பு, இல்லன்னா ஸ்பிரிட் லோஷன். தோலுக்கு மூச்சு விட நேரமே கெடையாது. நீங்க பெண் பாக்க வந்தப்பம் இந்தக் கையத்தான் ஒளிச்சு வச்சிருந்தேன். காட்டினா சொறின்னு நெனப்பாவ, உள்ளயே வையின்னு சொன்னது யாருன்னு கேளுங்க."

எல்லோருடைய கண்ணும் அத்தையின் பக்கம் திரும்பியது. அத்தை கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் துடைக்க ஆரம்பித்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

முதலில் வெடித்தது ஜெபதாஸ்தான். அப்படி ஒரு சிரிப்பு! குமாரதாஸும் சேர்ந்துகொண்டார். தங்கபாய் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். ஆன்ஸ்லின் உள்ளே ஓடிப்போய் வாசலினைக் கொண்டுவந்து ரெஜிலாவின் கையில் வைத்தாள். "மைனி, ரெண்டு பேருக்கும் மருந்து ஒண்ணுதான். கழுவி ஈரம் காயும் முன்ன போடுங்க." அண்ணன் மனைவியை அழைக்கிற மைனி என்ற சொல் அவள் வாயில் தானாகவே வந்துவிட்டது, யாரும் திருத்தவில்லை.

அனீஷ் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அழகு என்றால் இதுதான் அழகு என்று அவனுக்குத் தோன்றியது. சந்தோஷத்தில் கன்னம் காந்துவதுகூடத் தெரியவில்லை.

"அப்பம் இனி என்ன தடை?" என்றார் ஜெபதாஸ் நிமிர்ந்து உட்கார்ந்து. "பாஸ்டர்ட்ட நான் முன்னயே பேசியாச்சு. கிறிஸ்மஸ் கழிஞ்ச பொறவு ஒரு நாள் பாப்போம்."

"அப்பா, ஒரு நிமிஷம்."

ரெஜிலா இன்னும் உட்காரவில்லை. வாசலின் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். சற்றுமுன் இருந்த துணிச்சல் எங்கே போனதென்று தெரியவில்லை.

"இவிய உள்ளதச் சொன்னாவ. கூட்டத்துல வச்சு, வெக்கத்த விட்டு சொன்னாவ. நான் மட்டும் மறைச்சு வச்சிட்டு நாள் குறிக்கப்பிடாது." அவள் அப்பாவைப் பார்க்கவில்லை, அனீஷைத்தான் பார்த்தாள். "எனக்கு அயர்லாந்துல வேல கெடச்சிருக்கு. போன வாரம்தான் ஆர்டர் வந்துது. கிறிஸ்மஸுக்கு முன்ன போய் சேரணும். வீட்டுல யாருக்கும் தெரியாது."

ஜெபதாஸின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது.

தங்கபாய் மகனைப் பார்த்தாள். மரத்தை விட்டு எங்கேயும் போக மாட்டேன் என்று கர்த்தர்மேல் ஆணையிட்டவன் அல்லவா அவன்! அந்த ஆணைக்காக எத்தனை இடத்தைத் தள்ளியிருக்கிறான்!

"ஏட்டி!" ஜெபதாஸ் எழுந்துவிட்டார். கழுத்து நரம்பு புடைத்தது. "எனக்குத் தெரியாம ஆர்டரா? அதயும் வந்த வீட்டுல வச்சுப் பறயியா? போதும், வாயத் தொறக்காத. கார்ல ஏறு!"

அத்தை பையை எடுத்துக்கொண்டாள். குமாரதாஸ் ஜெபதாஸின் கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார். ரெஜிலா கண்ணீரோடு டப்பாவை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

அயர்லாந்துக்குப் போ என்று சொல்லவும் அனீஷுக்கு வாய் வரவில்லை, போகாதே என்று சொல்லவும் மனம் வரவில்லை. ஆனால் அவள் காலை எடுத்து வைத்தபோது, அவன் நகர்ந்து வாசலுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டான்.

"மாமா, உக்காருங்க" என்றான் ஜெபதாஸிடம். அவரை அவன் மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "அவ இன்னும் பேசி முடிக்கல்ல."